பழைய ராணுவ டெஸ்ட் கருவிகளை மியூசியத்தில் எப்படி ஓட்டிக் காட்டுவது?

1. வால்வுப்பெட்டி

எல்லோருக்கும் வணக்கம். சென்னைக்குச் சற்று வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித்தருகிறேன். எங்கள் துறையில் ஒரு குட்டி மியூசியம் இருக்கிறது. ஒரு கூடம், எட்டு மேஜை, ஒரு ஒட்டடைக் கம்பு, அவ்வளவுதான். பாதிப் பொருட்கள் ஓய்வுபெற்ற ராணுவ டெக்னீஷியன் ஒருவருடையவை. அவர் காலமான பிறகு வீட்டார் அப்படியே வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அதில் ரேடியோ செட்டுகள் குறைவு, சோதிக்கிற கருவிகள்தான் அதிகம். ஒரு பி.சி.-221 ப்ரீக்வென்ஸி மீட்டர் (அதிர்வெண் அளப்பது), ஒரு டி.வி.-7 வால்வு டெஸ்டர் (வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்), யு.ஆர்.எம்.-25 சிக்னல் ஜெனரேட்டர், ஒரு ஏவோ 8 மீட்டர், பெயர்ப்பலகை உதிர்ந்துபோன இரண்டு பெட்டிகள்.

போன மாதம் பக்கத்துப் பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகளை அழைத்திருந்தோம். கரண்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் வோல்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டு ஆன் செய்து வைத்தேன். ஒன்றிரண்டில் விளக்கு எரிந்தது. இருபது நிமிடம் விளக்கினேன். ஒரு பையன் டி.வி.-7-ஐக் காட்டி, "மிஸ், இதுல படம் எங்க வரும்?" என்றான். வேறு யாரும் வாயே திறக்கவில்லை. கடைசியில் பெயரில்லாப் பெட்டி ஒன்றிலிருந்து ஏதோ கருகும் வாடை வந்ததும்தான் எல்லோர் முகத்திலும் களை வந்தது!

இரண்டு கேள்விகள். இந்தக் கருவிகளை வைத்து எதைக் காட்டுவது? இவற்றை ஆன் செய்வதே சரியா?

2. சீரிஸ்லாம்ப்

தம்பி, முதல் வேலையாக எல்லா பிளக்கையும் உருவுங்கள். அப்புறம் பேசலாம்.

ரிச்சி தெருவில் முப்பது வருஷம் ரேடியோ பழுது பார்த்தவன் சொல்கிறேன். வருஷக்கணக்கில் தூங்கின செட்டை நேராகக் கரண்டில் மாட்டக் கூடாது. கண்டென்சர் என்பது மின்னூட்டத்தைத் தேக்குகிற பாகம். உள்ளே இருக்கிற பேப்பர் கண்டென்சர் ஈரம் குடித்துக் கரண்டைக் கசியவிடும். எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் தன் படலத்தை இழந்திருக்கும், திடீரென்று முழு வோல்ட்டும் வந்தால் சூடாகி வெடிக்கும்.

ஒரு பலகை, ஒரு ஹோல்டர், ஒரு நூறு வாட் குண்டு பல்பு, ஒரு சாக்கெட். பல்பை செட்டோடு சீரிஸில் போடுங்கள், அதாவது கரண்ட் பல்பைத் தாண்டித்தான் செட்டுக்குப் போக வேண்டும். ஸ்டெப்-டவுன் இருந்தால் அதற்கு முன்னால், 230 வோல்ட் பக்கத்தில். சுவிட்ச் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் பிழைத்தீர்கள். மங்காமல் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். பல்பு கரண்டைத் தாங்கிக்கொள்ளும், டிரான்ஸ்பார்மர் சாகாது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு இன்னும் எங்கள் தெருவில் கேட்டால் கிடைக்கும்.

கருகின வாடை எப்படி இருந்தது? மெழுகு, வார்னிஷ் மாதிரி என்றால் பரவாயில்லை. அழுகின முள்ளங்கி மாதிரி என்றால் ஏ.சி.-யை டி.சி.-யாக மாற்றும் செலீனியம் ரெக்டிஃபையர் போயிருக்கிறது. அது விஷப்புகை. ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், பிள்ளைகளோடு நின்று மோந்து பார்க்கக் கூடாது.

இன்னொன்று. பெயர்ப்பலகை இல்லாத பெட்டி விமானத்திலிருந்து வந்ததாக இருந்தால் அது 400 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) கரண்டுக்குச் செய்தது. வோல்ட் சரியாகவே இருந்தாலும் நம் 50 சைக்கிள் கரண்டில் அதன் டிரான்ஸ்பார்மர் எரியும். தரைப்படைக் கருவிகள் பலவற்றில் 50 முதல் 1000 சைக்கிள் வரை என்று பலகையிலேயே இருக்கும், அவற்றுக்குப் பயமில்லை. பலகை இல்லாததைத் தொடாதீர்கள்.

3. வால்வுப்பெட்டி

மிக்க நன்றி ஐயா. முள்ளங்கி வாடை இல்லை, வார்னிஷ் வாடைதான். பிளக்கெல்லாம் உருவியாச்சு. (தம்பி இல்லை, தங்கச்சி.)

4. சீரிஸ்லாம்ப்

மன்னிக்கணும்மா.

5. ஆவடிக்காரன்

அந்த வார்னிஷ் வாடை எனக்கு நன்றாகத் தெரியும் மேடம். நான் ராணுவத்தில் கருவிகளைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருந்தவன். பெட்டிக்குள் எங்காவது எம்.எஃப்.பி. என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஈரமும் பூஞ்சையும் பிடிக்காமல் இருக்க இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உள்பாகம் முழுக்க மஞ்சள் வார்னிஷ் அடித்துவிடுவார்கள். பசிபிக் காட்டுக்கும் பர்மாவுக்கும் போன கருவிகளுக்கு அது உயிர்க்கவசம். சூடானால் லேசாக வாடை வரும்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஸ்டெதாஸ்கோப்பை மேஜைமேல் வைத்து இருபது நிமிடம் பேசினால் எந்தப் பிள்ளை கேட்கும்? நோயாளி வேண்டும். ரேடியோவை ஆன் செய்தால் அதுவே பாடும். டெஸ்ட் கருவி தானாக எதுவும் செய்யாது, இன்னொரு கருவியைப் பற்றி ஏதாவது சொல்லத்தான் அது பிறந்திருக்கிறது. நீங்கள் டாக்டரைக் காட்டினீர்கள், நோயாளியைக் கொண்டுவரவில்லை.

டி.வி.-7-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நம்பரில் இரண்டு வால்வு தேடுங்கள், ஒன்று நல்லது, ஒன்று செத்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எது நல்லது என்று பிள்ளைகளையே பந்தயம் கட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் செருகி, சூடாகும்வரை காத்திருந்து, பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். ஒன்றுக்கு முள் ஏறும், இன்னொன்றுக்குச் சோம்பிப் படுக்கும்.

உள்ளே ஏதோ தளர்ந்து அவ்வப்போது உரசுகிற வால்வு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். ஷார்ட் சோதனையில் போட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டினால் நியான் விளக்கு மினுக்கென்று கண் சிமிட்டும். ஒர்க்ஷாப்பில் எங்களுக்கு இது தினசரி வேலை. எத்தனை வருஷம் ஆனாலும் அந்த மினுக்கு சலிக்கவில்லை.

பெயர்களையும் விளையாட்டாக்கலாம். ஏ.என்./யு.ஆர்.எம்.-25 என்பதில் ஏ.என். என்றால் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வைத்த பெயரிடும் முறை. யு பொதுப் பயன்பாடு, ஆர் ரேடியோ, எம் பராமரிப்பும் சோதனையும். டி.வி. என்றால் வால்வு டெஸ்டர். படம் கேட்ட பையனிடம் சொல்லுங்கள்.

6. கண்ணாடிப்பேழை

நான் அருங்காட்சியகப் பொருட்களைப் பாதுகாக்கும் தொழிலில் இருப்பவள். இதுவரை யாரும் இரண்டாவது கேள்வியைத் தொடவில்லை.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அந்தப் பொருள் கொஞ்சம் தேய்கிறது. வால்வின் இழை அதிகம் வதைபடுவது ஆன் செய்யும் நொடியில்தான், குளிர்ந்த இழைக்குள் கரண்ட் பாயும்போது. பழுது பார்க்கிறேன் என்று கண்டென்சர்களை மாற்றினால் 1940-களில் ஒரு தொழிலாளி சால்டர் வைத்த இணைப்பு போய்விடும். அந்த இணைப்பும் ஆவணம்தான். ஐம்பது வருஷம் கழித்து ஒருவர், அந்தக் காலத்தில் மெழுகுக் கண்டென்சரை எப்படிப் பொருத்தினார்கள் என்று பார்க்க வந்தால் அவருக்கு என்ன காட்டுவீர்கள்?

அப்புறம் அந்தப் பெயரில்லாப் பெட்டிகள். டயல் எண்கள் தடித்த, பழுப்பேறிய பெயின்டில் இருந்தால் அதில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லையே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். செத்தது ஒளிரும் பொருள் மட்டும்தான். ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1600 ஆண்டுகள், அது அப்படியே இருக்கும். கண்ணாடியைத் திறக்காதீர்கள், பெயின்டைச் சுரண்டாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கதிரியக்கம் அளக்கும் கெய்கர் கருவி உள்ள இயற்பியல் துறை ஒன்றில் கொடுத்துப் பாருங்கள். எண்ணெய் நிரப்பிய பழைய கண்டென்சர் கசிந்தால் வெறும் கையால் துடைக்க வேண்டாம், அதில் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கக்கூடும்.

என் கருத்து: உங்களிடம் ஒன்றே ஒன்றாக இருக்கும் எதையும் ஓட்டக் கூடாது.

7. சீரிஸ்லாம்ப்

அப்போ கோயில் தேரையும் ஷெட்டில் பூட்டிவிடலாமே. அச்சாணி மாற்றி மாற்றித்தானம்மா தேர் இன்னும் ஓடுகிறது.

8. கண்ணாடிப்பேழை

ஐயா, தேர் ஓடவேண்டிய பொருள். மாற்றின அச்சாணியை யாரும் குப்பையில் போடுவதில்லை என்றும் நம்புகிறேன்.

9. சீரிஸ்லாம்ப்

நியாயம். கழற்றினதை ஒரு கவரில் போட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். பழைய கண்டென்சரின் குடலை மட்டும் எடுத்துவிட்டுக் கூட்டுக்குள் புதுசை ஒளித்து வைக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. பொய் மாதிரி இருக்கும்.

10. எழுபத்து மூன்று

ஹாம் ரேடியோக்காரன் நான், பொழுதுபோக்காக வானலையில் பேசுகிறவன். பி.சி.-221 என்று பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். என் அப்பா மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் அங்கே ராணுவம் கழித்துவிட்ட டிஸ்போசல் சாமான் தேடித் திரிந்தவர். 1985-இல் அது எரிந்த அன்று வீட்டில் துக்கம் மாதிரிதான் இருந்தார்.

மேடம், பி.சி.-221-ஐ மெயின்ஸிலேயே போட வேண்டாம். அது பேட்டரியில் ஓடப் பிறந்த கருவி. வால்வு இழைக்கு 6 வோல்ட், பிளேட்டுக்கு 135 வோல்ட். 6 வோல்டுக்கு எமர்ஜென்சி லைட் பேட்டரி போதும். 135-க்கு 9 வோல்ட் பேட்டரி பதினைந்தைச் சரம்போல் மாட்டுங்கள், கணக்கு அச்சாகச் சரியாக வரும். ஆனால் 135 வோல்ட் டி.சி. கையில் அடித்தால் விளையாட்டில்லை. சரத்தை மூடிய டப்பாவில், ஃப்யூஸ் போட்டு வையுங்கள்.

இனி விளையாட்டு. சென்னை வானொலி ஏ அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ். ஒரு சாதாரண மீடியம் வேவ் டிரான்சிஸ்டரில் அதை வையுங்கள். பி.சி.-221-இன் கீழ்ப் பட்டை 125 முதல் 250 கிலோஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேலே ஹார்மோனிக், அதாவது அதன் மடங்குகள். 180-ஐ நாலால் பெருக்கினால் 720. ஆன்டெனா முனையிலிருந்து ஒரு முழம் ஒயரை டிரான்சிஸ்டர் பக்கத்தில் போட்டுவிட்டு டயலை 180-ஐ நோக்கித் திருப்புங்கள். பாட்டுக்கு மேலே ஒரு விசில் வரும். கீச்சென்று ஆரம்பித்து, கிட்டப் போகப் போகக் கீழே இறங்கி, உறுமலாகி, சட்டென்று மௌனம். பாட்டு மட்டும் இருக்கும். மௌனம் வந்த இடத்தில் இரண்டு அதிர்வெண்ணும் ஒன்று. ஜீரோ பீட் என்பது இதுதான். இன்னும் திருப்பினால் விசில் மறுபக்கம் ஏறும்.

டயலில் கிலோஹெர்ட்ஸ் எழுதியிருக்காது. 0 முதல் 5000 வரை வெறும் கோடுகள்தான். எந்தக் கோடு எந்த அதிர்வெண் என்பது முன்மூடியில் இருக்கும் அளவுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் அந்த ஒரு செட்டுக்கென்றே அளந்து அச்சடித்தது, இன்னொரு செட்டுக்குப் பொருந்தாது. முதலில் புத்தகத்தில் உள்ள சீரியல் நம்பரும் பெட்டியின் சீரியல் நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.

11. அடையாறு அம்மா

எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. அந்த நாற்பது பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. வீட்டுக்கு வந்து அவள் சொன்னது ஒரே ஒரு விஷயம். "ஒரு பெட்டி மூடிக்குள்ள யாரோ பென்சில்ல தமிழ்ல எழுதியிருந்தாங்கம்மா. 'இதை அழுத்திப் பிடிக்கணும், விட்டா பொய் சொல்லும்'னு." அதை அவள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். உங்கள் விளக்கத்தில் அது வரவேயில்லையாம்.

12. வால்வுப்பெட்டி

அம்மா, இதைப் படித்துவிட்டு இப்போதுதான் கூடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். டி.வி.-7-இன் மூடி உட்புறம், வலது மூலை. நான் அதைத் துடைத்து எடுக்கச் சொல்லியிருந்தேன். நல்லவேளை, பையன் மறந்துவிட்டான்.

இரண்டாவது செய்தி நல்லதில்லை. பி.சி.-221 பெட்டியின் எண் 12-இல் முடிகிறது, புத்தகத்தின் எண் 47-இல் முடிகிறது. இரண்டும் ஒன்றில்லை. மூடியில் புத்தகம் பிடித்திருந்த திருகுகள் புதுசாக இருக்கின்றன. நம்பாமல் அப்படியே ஓட்டியும் பார்த்தேன். எழுபத்து மூன்று சொன்னபடி பேட்டரியில்தான். புத்தகத்தில் 180 இருக்கும் பக்கத்தின் கீழே கொடுத்திருக்கும் புள்ளியில், கருவிக்குள்ளேயே நிலையான அதிர்வெண் தரும் 1000 கிலோஹெர்ட்ஸ் கிறிஸ்டலோடு சரிசெய்துகொண்டு, 180-க்குப் புத்தகம் சொன்ன கோட்டில் வைத்தால் மௌனம் இல்லை, கீச்சுதான். இருபது கோடு தள்ளி மௌனம் வந்தது.

13. எழுபத்து மூன்று

இருபது கோடு என்றால் 720-இல் ஏறக்குறைய 2 கிலோஹெர்ட்ஸ் தவறு. கருவி நன்றாக இருக்கிறது, புத்தகம்தான் வேறு யாருடையதோ. டிஸ்போசலில் நாலைந்து செட்டைப் பிரித்து ஒன்றாகச் சேர்க்கும்போது இப்படி மாறிப்போவது வழக்கம்.

வருத்தப்படாதீர்கள். இதையே மாணவர்களுக்கு வேலையாகக் கொடுங்கள். ஒரு இன்றைய ப்ரீக்வென்ஸி கவுன்டரை மாட்டி, 5 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளியாகக் கீழ்ப் பட்டைக்கு மட்டும் புது அட்டவணை போடட்டும். இருபத்தாறு புள்ளி, ஒரு மதியம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு செட்டுக்கும் எவ்வளவு எண்கள் எடுத்திருப்பார்கள் என்று அவர்கள் கைக்கே புரியும். பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள்!

14. ஆவடிக்காரன்

ஏவோ 8-ஐ யாரும் கண்டுகொள்ளவில்லையே. ஏவோ என்பது ஆம்ப்ஸ், வோல்ட்ஸ், ஓம்ஸ் என்பதன் சுருக்கம். பிரிட்டிஷ் தபால்துறைப் பொறியாளர் மெக்கடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் சுமக்க முடியாமல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கேட்டதால் 1923-இல் பிறந்த வம்சம். மாடல் 8 மட்டும் 1951-இல் வந்து 2008 வரை தயாரிப்பில் இருந்தது.

மியூசியத்துக்கு இதைவிடப் பத்திரமான கருவி இல்லை. ஓம்ஸை நூறால் பெருக்கும் ரேஞ்சில் வைத்து, இரண்டு முனையையும் ஒரு பிள்ளை இரண்டு கையிலும் பிடிக்கட்டும். உள்ளே 15 வோல்ட் பேட்டரிதான், மில்லியாம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட ஓடாது. முள் அசையும். கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் பிடித்தால் குறையும், நக்கிவிட்டுப் பிடித்தால் எகிறும். மே மாதச் சென்னையில் இதற்கு நோயாளி தேட வேண்டியதே இல்லை.

15 வோல்ட் பேட்டரி இப்போது கிடைப்பது கஷ்டம். கேட் ரிமோட்டில் போடும் 12 வோல்ட் குட்டி பேட்டரியோடு ஒரு 3 வோல்ட் பொத்தான் பேட்டரி சேர்த்தால் முடிந்தது.

15. கண்ணாடிப்பேழை

நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஏவோ மீட்டருக்கு என் ஆட்சேபம் இல்லை, அதுபோல் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பி.சி.-221-உம் உலகம் முழுக்க நிறையவே உண்டு. டி.வி.-7-ஐ ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் ஆன் செய்து, நிகழ்ச்சி முடியும்வரை அணைக்காமல் வையுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பாதரச ஆவி வால்வு ஒன்று, 83 என்ற எண், அதற்குள் ஒளிந்து நீலமாக ஒளிரும். அதைக் காட்டுகிறேன் என்று பேனலைத் தூக்காதீர்கள். ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் மாட்டினால் போதும்.

பென்சில் எழுத்தின்மேல் ஈரத்துணி, ஸ்பிரிட் எதுவும் படக் கூடாது. கடற்காற்று ஊரில் கூடத்து ஜன்னலை மழைக்காலத்தில் மூடி, அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் வையுங்கள். முக்கியமாக எதையும் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நான் உலர்த்திய காகிதங்கள் எல்லாம் கீழ்த்தட்டிலிருந்து வந்தவை.

16. வால்வுப்பெட்டி

நேற்று மறுபடியும் நடத்தினோம். எட்டெட்டுப் பிள்ளைகளாக. என் பேச்சு மொத்தம் நாலு நிமிடம்.

முதலில் சொதப்பல். டிரான்சிஸ்டரில் 720-ஐ வைத்தால் ஒரே கர்புர். கூடத்தின் எல்.இ.டி. டியூப் லைட்டுகள்தான் காரணம் என்று எங்கள் லேப் அசிஸ்டென்ட் கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் அணைத்தோம். அரை இருட்டு. டி.வி.-7-இன் மேல் சாக்கெட்டில் நின்ற வால்வின் ஆரஞ்சுத் தணல் அப்போதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. திட்டமே போடாமல் கிடைத்த காட்சி.

விசிலைப் பிடிக்க ஒரு பெண் குழந்தை வந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, டயலை ஒரு மயிரிழை, ஒரு மயிரிழையாகத் திருப்பினாள். உறுமல் நின்றது. அறையே அமைதி. வானொலியில் யாரோ உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "மிஸ், சத்தம் வந்தாத்தானே கண்டுபிடிச்ச மாதிரி? இது போனாத்தான் சரியா?" என்று கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பக்கத்துப் பையன், இரண்டு பேர் ஒரே வேகத்தில் ஓடினால் நடுவில் இடைவெளி மாறாதல்லவா, அதுபோல் என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வால்வுப் பந்தயத்தில் பெரும்பான்மை தோற்றது. பளபளவென்று இருந்ததுதான் செத்தது. ஏவோவில் வரிசை நின்று நக்கினார்கள். டெட்டால் வாங்க மறந்தது என் தப்பு. மூடியின் பென்சில் எழுத்தை ஒவ்வொரு குழுவும் படித்துவிட்டு, அதன்படியே பொத்தானை அழுத்திப் பிடித்தது.

பெயரில்லாப் பெட்டிகளில் ஒன்று கெய்கரில் கடகடத்தது. அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம்.

புது அட்டவணை பதினேழு புள்ளிவரை வந்திருக்கிறது. ஆனால் ஒரு வேண்டுகோள். 47-இல் முடியும் புத்தகம் எங்களிடம் இருக்கிறது. அதன் சொந்தப் பெட்டி இந்த ஊரில் யார் வீட்டிலாவது, வேறு புத்தகத்தோடோ புத்தகமே இல்லாமலோ கிடக்கலாம். யாரிடமாவது பி.சி.-221 இருந்தால் நம்பரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

17. சீரிஸ்லாம்ப்

என் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறதும்மா. இருபது வருஷமாக இறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். முட்டி வலி, ஏணி பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

18. எழுபத்து மூன்று

அண்ணே, நான் வருகிறேன். டார்ச்சும் எடுத்து வருகிறேன்.